பாலஸ்தீனக் கலை மாலை ஒன்றை அமைக்க விரும்புகிறோம்: எதைக் காட்டுவது, எதைப் பாடுவது, எதை வாசிப்பது?

கேள்வி: வாசிப்புமாலை (ஸ்காபரோ)

தோழர்களுக்கு வணக்கம். டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு சிறிய தமிழ் வாசிப்பு வட்டம் நடத்தி வருகிறோம். சென்ற ஆண்டு பாலஸ்தீன மக்களோடு நிற்கிறோம் என்பதைக் காட்ட ஒரு மாலை நிகழ்வு நடத்தினோம். காஸாவில் கொல்லப்பட்ட ரிஃபாத் அல்அரீரின் பட்டம் பற்றிய கவிதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்தோம். சில செய்திக் காணொளிகளைக் காட்டினோம். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கலைந்தோம்.

வந்தவர்களில் மேற்குக் கரையின் நாப்லூஸ் நகரைச் சேர்ந்த ஒரு மாணவியும் இருந்தார். புறப்படும்போது, குளிர்அங்கியைப் பொத்தானிட்டுக்கொண்டே எங்களுக்கு மனமார நன்றி சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, அன்று நாங்கள் காட்டியதிலும் வாசித்ததிலும் உயிரோடிருக்கும் பாலஸ்தீனர் ஒருவர்கூட இல்லையே என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் பல மாதங்களாக என்னை விட்டு அகலவில்லை.

இந்த ஆண்டு மூன்று மணி நேர நிகழ்வாக, ஒரு திரைப்படம், கொஞ்சம் இசை, கொஞ்சம் வாசிப்பு என்று அமைக்க எண்ணுகிறோம். எவற்றைத் தேர்ந்தெடுப்பது? ஆஸ்கர் பெற்ற 'நோ அதர் லேண்ட்' படத்தைத் திரையிடலாமா? இவற்றுக்கெல்லாம் மேலாக இன்னொன்றையும் கேட்க வேண்டும். இத்தகைய நிகழ்வுகளால் அந்த மக்களுக்கு உண்மையில் ஏதேனும் பயன் உண்டா?

பதில் 1: படச்சுருள்

அந்த மாணவி சொன்னது மிகச் சரி. திரைப்படத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

பாலஸ்தீனர்கள் கேமராவைக் கையில் எடுத்தது செய்தி அனுப்புவதற்காக மட்டும் அன்று. 1968இல் முஸ்தஃபா அபூ அலி, சுலாஃபா ஜாதல்லா, ஹானி ஜௌஹரிய்யா ஆகிய மூவரும் பாலஸ்தீனத் திரைப்பட அணியைத் தொடங்கினார்கள். ஜௌஹரிய்யா 1976இல் லெபனானில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோதே உயிரிழந்தார். அபூ அலி 1974இல் எடுத்த 'அவர்கள் இல்லை' என்ற சிறிய படம், பாலஸ்தீனர் என்று எவரும் இருந்ததில்லை என்ற இஸ்ரேலியப் பிரதமர் கோல்டா மெயரின் பேச்சுக்குப் பதிலாகவே அந்தத் தலைப்பைச் சூடிக்கொண்டது. அந்த அணியும் அதன் பின்வந்தவர்களும் சேர்த்து வைத்த படச்சுருள்கள் பெய்ரூட்டில் இருந்தன. 1982இல் இஸ்ரேலியப் படையெடுப்பின்போது அந்தக் காப்பகம் காணாமல் போயிற்று. அவ்வாறு பறிபோன பாலஸ்தீனப் படச்சுருள்களும் புகைப்படங்களும் இஸ்ரேலிய இராணுவக் காப்பகங்களில் இருப்பதை ரோனா செலா என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் தேடிக் கண்டுபிடித்து, 2017இல் அதையே ஓர் ஆவணப்படமாக எடுத்தார்.

2003இல் ஜெருசலேமில் நடந்த ஒரு பாலஸ்தீனத் திரைப்பட விழாவில் 'அவர்கள் இல்லை' திரையிடப்பட்டபோது, ராமல்லாவில் வாழ்ந்த அபூ அலிக்கு ஜெருசலேமுக்குள் நுழைய அனுமதி இல்லை. அவர் பிறந்த மால்ஹா கிராமமோ ஜெருசலேமை ஒட்டியது. விழாக்காரர்கள் அவரை மறைவாக அழைத்து வந்து அரங்கில் அமர்த்தினார்கள். தான் எடுத்த படத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, தன் ஊர்ப் பக்கத்தில், ஒளிந்து வந்து பார்க்க நேர்ந்த ஓர் இயக்குநரை எண்ணிப் பாருங்கள். ஒரு மண்டபத்தில் நாற்காலி போட்டுப் படம் காட்டுவது சிறிய காரியமாகத் தோன்றினால் எனக்கு அந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும்.

உங்கள் மாலைக்குப் பாலஸ்தீன இயக்குநர் எலியா சுலைமானின் 'டிவைன் இன்டர்வென்ஷன்' படத்தையே முதலில் சொல்வேன். 2002இல் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்ற படம். ஜெருசலேமில் வாழும் ஒருவனும் ராமல்லாவில் வாழும் ஒருத்தியும் சோதனைச்சாவடியை ஒட்டிய வாகன நிறுத்தத்தில் காருக்குள் அமர்ந்து பேசாமல் கைகோத்திருக்கிறார்கள். கேமரா அந்த விரல்களை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தின் முகம் வரைந்த ஒரு சிவப்புப் பலூன் சாவடியைத் தாண்டி மிதந்து போகும் காட்சியில் அரங்கமே சிரிக்கும். சிரிப்பு வரும் இடத்தில் சிரிக்க விடுங்கள்.

காஸாவைக் காட்ட வேண்டும் என்றால் ரஷீத் மஷாராவி ஒருங்கிணைத்த 'ஃப்ரம் கிரவுண்ட் ஜீரோ' தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். போரின் நடுவே காஸாவில் இருந்தவர்களே எடுத்த 22 குறும்படங்கள் அதில் உள்ளன. ஆவணம், கதை, பொம்மலாட்டம், உயிரூட்டப்படம் எல்லாம் கலந்திருக்கும். அதில் 'டாக்ஸி வனீஸா' என்று ஒன்று. வனீஸா என்பது ஒரு கழுதையின் பெயர். வண்டியிழுத்துப் பிழைக்கும் ஒருவரின் கதை போய்க்கொண்டிருக்கும்போது நடுவிலேயே நின்றுவிடும். இயக்குநரான பெண்மணி கேமராவின் முன் வந்து, தன் சகோதரர் குழந்தைகளோடு கொல்லப்பட்டுவிட்டதால் இதற்கு மேல் எடுக்க முடியவில்லை என்று சொல்வார். கழுதை வீடு திரும்பும் முடிவை அவர் மனத்தில் வைத்திருந்ததும் நமக்கு அப்போதுதான் தெரியவரும். இந்தத் தொகுப்பை வட அமெரிக்காவில் வாட்டர்மெலன் பிக்சர்ஸ் விநியோகிக்கிறது. அவர்களுக்கு எழுதி, கட்டணம் கட்டி, முறையாகத் திரையிடல் உரிமை பெறுங்கள். இணையத்திலிருந்து இறக்கிக் காட்டாதீர்கள். ஆதரவு என்பது அந்தக் கலைஞரின் உழைப்புக்குக் கூலி கொடுப்பதிலிருந்தே தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

'நோ அதர் லேண்ட்' பற்றி: மேற்குக் கரையின் மஸாஃபர் யத்தா கிராமங்களில் வீடுகள் இடிக்கப்படுவதை உள்ளிருந்தே பதிவு செய்த படம் அது. பாசெல் அத்ரா, ஹம்தான் பல்லால் ஆகிய பாலஸ்தீனர்களும், யுவால் ஆப்ரஹாம், ரேச்சல் சோர் ஆகிய இஸ்ரேலியர்களும் சேர்ந்து எடுத்தது. 2025 மார்ச்சில் ஆஸ்கர் பெற்ற அதே மாதத்தில் பல்லால் தன் கிராமத்தில் இஸ்ரேலியக் குடியேறிகளால் தாக்கப்பட்டு இராணுவத்தால் பிடித்துச் செல்லப்பட்டார். அமெரிக்காவிலோ பெரிய விநியோக நிறுவனம் எதுவும் அதை எடுக்க முன்வரவில்லை. மறுபக்கம், இத்தகைய கூட்டு முயற்சி தங்கள் நெறிமுறைகளுக்குப் பொருந்தவில்லை என்று இஸ்ரேலைப் பண்பாட்டுத் துறையில் புறக்கணிக்கக் கோரும் பாலஸ்தீன இயக்கத்தினர் விமர்சித்தார்கள். நான் திரையிடுவேன், ஆனால் அந்த விமர்சனத்தையும் பார்வையாளர்களுக்குச் சொல்லிவிட்டே திரையிடுவேன். இடிபாடுகளுக்கு நடுவே வாழும் அந்தக் கிராமத்தவரின் சொந்தப் பதிவை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

பதில் 2: கல்முனை வாசகன்

வணக்கம். கவிதையைப் பற்றிச் சொல்ல எங்கள் பகுதிக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் ஈழத்துக் கவிஞர் எம்.ஏ. நுஃமான் 1980களின் தொடக்கத்திலேயே பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழாக்கித் தொகுத்தார். அந்த நூல் பிறகு விரிவாக்கப்பட்டும் வந்தது. தர்வீஷும் சமீஹ் அல்காசிமும் ஃபத்வா துகானும் ஈழத்து வாசகர்களுக்கு அப்போதே அறிமுகமாகிவிட்டார்கள். சொந்த ஊரைவிட்டு ஓடுவது என்றால் என்னவென்று தெரிந்த வீடுகளில் அந்தக் கவிதைகள் வேறுவிதமாகவே வாசிக்கப்பட்டன. எங்கள் வீட்டுப் பிரதியின் அட்டை 1990க்குப் பிந்தைய இடப்பெயர்வில் கிழிந்தது. அதற்கு உரப்பைக் காகிதம் ஒட்டி என் தந்தையார் வைத்திருந்தார்.

தோழரே, மஹ்மூத் தர்வீஷை எடுத்தால் தயவுசெய்து 'அடையாள அட்டை'யோடு நிறுத்திவிடாதீர்கள். 1964இல் வெளிவந்த தொகுப்பில் இடம்பெற்ற அந்தக் கவிதைதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் பிற்காலத்தில் அரங்குகளில் மக்கள் அதையே வாசிக்கக் கேட்டபோது அவர் மறுத்தார். ஓர் இஸ்ரேலிய அதிகாரியை நோக்கிச் சொன்ன சொல்லை அரபு மக்களிடமே திருப்பிச் சொல்வதில் அவருக்குப் பொருள் தெரியவில்லை என்பது ஒரு காரணம். தன்னை ஒரே குரலுக்குள் அடைக்கிறார்கள் என்ற வருத்தம் இன்னொரு காரணம். தாயின் ரொட்டிக்கும் காப்பிக்கும் ஏங்கும் கவிதை, காதலிக்கும் தனக்கும் இடையே துப்பாக்கி நிற்கும் ரீட்டா கவிதை, குதிரையைப் பற்றியும் பாதாம் பூவைப் பற்றியும் எழுதியவை என்று எவ்வளவோ இருக்கின்றன. பாதாம் பூவை எழுதவும் தனக்கு உரிமை உண்டு என்று ஒரு பாலஸ்தீனக் கவிஞன் வாதாட வேண்டியிருந்தது என்பதே நாம் யோசிக்க வேண்டிய செய்தி. உங்கள் மாணவி சொன்னதும் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

ரிஃபாத் அல்அரீருக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பர் 6ஆம் தேதி அவர் கொல்லப்பட்ட பிறகு அந்தக் கவிதை எத்தனையோ மொழிகளுக்குப் போயிற்று, போக வேண்டியதுதான். ஆனால் அவர் காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த ஆசிரியர். தம் இளைய எழுத்தாளர்கள் பதினைந்து பேரிடம் கதை எழுதி வாங்கி, 23 கதைகள் கொண்ட 'காஸா ரைட்ஸ் பேக்' என்ற தொகுப்பை 2014இல் வெளியிட்டார். அவர் வாழ்நாளில் செய்த வேலை அது. இந்த ஆண்டு அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு கதையை வாசித்தால் அவரை அவருடைய மாணவர்கள் மூலமாகவே சந்திக்கலாம்.

பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியின் 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' குறுநாவலை மூன்று மணி நேரத்தில் வாசிக்க முடியாது. ஆனால் ஒரு மாதம் முன்பே உறுப்பினர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

பதில் 3: ஊத்நரம்பு

இசை என்றதும் பின்னணியில் ஏதோ ஒலித்தட்டைப் போட்டுவிடும் வழக்கம் நம் நிகழ்வுகளில் உண்டு. அப்படிச் செய்யாமல் இசைக்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மூன்றே மூன்றைச் சொல்கிறேன். முதலாவது, பெண்கள் பாடும் தர்வீதா பாடல்கள். சிறையில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்லும்போது காவலர்களுக்குப் புரியாதிருக்கச் சொற்களுக்கு நடுவே 'ல' ஒலிகளைச் செருகிப் பாடினார்கள் என்பது மரபு. 'மலையேறிச் செல்வோரே' என்று தொடங்கும் பாடலில் அந்த ஒலிகளை இன்றும் கேட்கலாம். அரபு தெரியாத நம் காதுக்கு அது தாலாட்டுப் போலவே இருக்கும். இரண்டாவது, நாசரேத்தைச் சேர்ந்த ஜுப்ரான் சகோதரர்கள் மூவரின் ஊத் என்ற அரபு நரம்புக்கருவி இசை. தந்தையார் ஊத் செய்பவர்; நடு மகன் விஸாம் இத்தாலியின் கிரெமோனாவில் கருவி செய்யும் கலையைக் கற்றவர். தர்வீஷ் கவிதை வாசிக்க அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து வாசித்தவர்கள் இவர்கள். 2008 ஆகஸ்டில் அவர் இறந்தபின் நாற்பதாம் நாள், ராமல்லாவில் அவருடைய பதிவு செய்த குரலோடு சேர்ந்து வாசித்தார்கள். குரல் நிற்கும் இடங்களில் ஊத் தொடங்காமல் ஒரு கணம் காத்திருப்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது தப்கே. 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்தக் குழு நடனம் கல்யாணங்களில் தோளோடு தோள் சேர்த்து, தரையை மிதித்து ஆடுவது. டொராண்டோவில் தப்கே தெரிந்த இளைஞர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களை அழையுங்கள், உரிய தொகை கொடுங்கள், நிகழ்வின் முடிவில் ஆட விடுங்கள். மண்டபத் தரை மரத்தரையாக இருந்தால் இன்னும் நல்லது.

பதில் 4: தெருவிளக்கு

பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்குள்ளவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவேன். 2008இல் எகிப்திய நாவலாசிரியர் அஹ்தாஃப் சுவைஃப் முதலானோர் தொடங்கிய பாலஸ்தீன இலக்கிய விழா, ஒரே நகரில் நடப்பதில்லை. வாசகர்கள் சோதனைச்சாவடிகளைத் தாண்டி வர முடியாது என்பதால் எழுத்தாளர்களே பேருந்தில் ஏறி ஊர் ஊராக வாசகர்களிடம் போகிறார்கள். 2009இல் கிழக்கு ஜெருசலேமின் பாலஸ்தீன தேசிய அரங்கில் தொடக்க நிகழ்வை ஆயுதம் தாங்கிய காவலர்கள் வந்து மூடினார்கள். எழுத்தாளர்களும் பார்வையாளர்களுமாக எழுந்து தெருவில் நடந்து பிரெஞ்சுப் பண்பாட்டு மையத்துக்குப் போய் அங்கே நிகழ்வை நடத்தினார்கள். பயனற்ற ஒன்றை மூடுவதற்கு யாரும் ஆயுதத்தோடு வரமாட்டார்கள்.

2023இல் போரின் காரணமாக 'பாலஸ்தீனத் திரை நாட்கள்' விழாவை அங்கே நடத்த முடியாமற்போனபோது, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைப்பதை பிரிட்டன் ஆதரித்த 1917ஆம் ஆண்டின் பால்ஃபர் அறிவிப்பின் நாளான நவம்பர் 2இல் உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் ஊரில் பாலஸ்தீனப் படங்களைத் திரையிடுமாறு அந்த விழாக்காரர்களே அழைப்பு விடுத்தார்கள். நீங்கள் செய்வது அவர்கள் கேட்ட காரியம். உங்கள் ஊரிலேயே 2008 முதல் டொராண்டோ பாலஸ்தீனத் திரைப்பட விழா நடந்து வருகிறது. அவர்களிடம் கேட்டு, அவர்கள் நாட்களோடு மோதாமல் உங்கள் நாளை வையுங்கள்.

வாசிப்புமாலை (மீண்டும்)

அனைவருக்கும் நன்றி. நேற்று அந்த மாணவியைச் சந்தித்துப் பேசினோம். படச்சுருள் தோழர் சொன்ன சுலைமான் படத்துக்கே அவரும் வாக்களித்தார். அவருடைய தந்தையாருக்குப் பிடித்த படமாம். தர்வீஷின் தாய்க் கவிதையை அரபியில் தானே வாசிப்பதாகவும், தமிழாக்கத்தை எங்களில் ஒருவர் பின்னால் வாசிக்கலாம் என்றும் சொன்னார். 'டாக்ஸி வனீஸா'வை மட்டும் காட்டிவிட்டு உடனே உரை எதையும் வைக்காமல் விளக்கைப் போட்டுத் தேநீர் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். உரிமை பற்றி விநியோகஸ்தருக்கு எழுதிவிட்டோம். தப்கே குழு ஒன்றை அவரே அறிந்திருக்கிறார்.

ஒரு சந்தேகம் பாக்கி. 'ஸுமூத்' என்ற அரபுச் சொல்லை அறிமுகக் குறிப்பில் எப்படித் தமிழில் எழுதுவது? 'உறுதி' என்றால் போதவில்லை.

பதில்: கல்முனை வாசகன்

'எதிர்ப்பு' என்று போடாதீர்கள். அதற்கு அரபியில் வேறு சொல் இருக்கிறது. இடத்தைவிட்டு நகராமல், அன்றாட வேலையைச் செய்துகொண்டே இருப்பதையே ஸுமூத் குறிக்கிறது. ஆலிவ் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அதில் அடங்கும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் அடங்கும். நான் 'மண்ணில் ஊன்றி நிற்றல்' என்று எழுதுவேன். ஆனாலும் குறிப்பில் ஸுமூத் என்ற சொல்லையே முதலில் போட்டு, மாணவியிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.