கலைச்சொல் தேவை: காப்பீட்டாரும் மருத்துவமனையும் பேசி முடித்த விலை (குழு உரையாடல்; எழுதுபவர்கள் தங்கள் ஊர்ப் பெயரில்)

நாகர்கோவில்:
அனைவருக்கும் வணக்கம். மருத்துவக் காப்பீட்டுக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'நெகோஷியேட்டட் ரேட்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். 'நோயாளிகளை உங்களிடம் அனுப்புகிறோம், விலையைக் குறையுங்கள்' என்று காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனையிடம் பேசி, கண்புரைக்கு இவ்வளவு, குடலிறக்கத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் தொகை அது. பேரவிலை என்று போட்டேன். மீன் வாடை அடிக்கிறது என்கிறார் பதிப்பாளர்.

குளச்சல்:
மீனைப் பழிக்காதீர்கள். எங்கள் கடற்கரையில் நடப்பது ஏலம், ஊரறியக் கூவுவார்கள். நீங்கள் சொல்வது மாட்டுச் சந்தைப் பேரம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து இரண்டு பேர் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இதில் நோயாளி பக்கத்தில் நிற்பவனா, மாடா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். துண்டுவிலை என்று வைக்கலாம்.

தக்கலை:
துண்டு வேண்டாம். பேரமும் தெலுங்கு வழி வந்தது என்பார்கள். 'விலை படிந்தது' என்கிறோம் அல்லவா? படிவிலை! வினைத்தொகை. படிந்த, படிகின்ற, படியும் விலை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மாறும் தொகைக்கு முக்காலமும் பொருந்துகிறது. இன்னொன்று. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரான உமணர் 'கொள்ளை சாற்றி'ப் போகிறார்கள். அங்கே கொள்ளை என்றால் விலை. காப்பீடு இல்லாதவரிடம் வாங்கும் பட்டியல் விலைக்கு அந்தச் சங்கச் சொல்லையே எடுத்தாளலாம். இன்றைய பொருளில் படித்தாலும் பெரிய பிழை வராது.

மார்த்தாண்டம்:
ஐயா, மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருப்பவள் நான். கொள்ளையை அச்சிட்டால் என் வேலை போய்விடும். கையேடு முழுக்கக் கட்டணம் என்றே வருவதால் உங்கள் சொல் படிகட்டணம் ஆகும். யாராவது நடுவில் ஒரு 'க்' நுழைத்தால் பிள்ளையின் பள்ளிக்கூடப் பணம் என்று நினைப்பார்கள். கவுன்ட்டரில் எல்லாருக்கும் தெரிந்த சொல் பேக்கேஜ். கருங்கல்லிலிருந்து வரும் பாட்டிகூட, 'மக்களே, இது பேக்கேஜில் வருமா?' என்றுதான் கேட்கிறார். அதையே போடுங்கள்.

போகிற போக்கில் ஒன்று: பாலிசியில் அறை வாடகை எல்லை 3,000 ரூபாய் என்றிருக்க, 6,000 ரூபாய் அறையில் படுத்தவருக்கு மருத்துவர் கட்டணத்திலும் பாதியை வெட்டிவிட்டார்கள். வாடகை கூடினால் மற்றதையும் அதே விகிதத்தில் வெட்டும் இந்த விதிக்கு யாராவது பெயர் வையுங்களேன். விளக்கிச் சொல்வதற்குள் தொண்டை வறண்டுவிடுகிறது.

அதங்கோடு:
தொல்காப்பிய அரங்கேற்றத்தைக் கேட்ட அதங்கோட்டாசானின் ஊரில் இருந்துகொண்டு பேக்கேஜுக்கு ஒப்ப மாட்டேன். தூய்மைக்காக மட்டும் சொல்லவில்லை, பொருளும் பிசகுகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் பேக்கேஜ் உண்டு. அங்கே விலையை வகுப்பது அரசு. பேக்கேஜ் என்றால் ஒரு சிகிச்சையின் செலவுகளைச் சேர்த்த தொகுப்பு, அவ்வளவுதான். அதைப் பேசி முடித்தார்களா என்பது வேறு கேள்வி. 2010இல் நான்கு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்துகொண்டு, தங்கள் விலைக்கு இறங்காத பெருநகர மருத்துவமனைகளில், நோயாளி கையிலிருந்து கட்டாமல் காப்பீட்டாரே நேராகக் கட்டும் ரொக்கமில்லாச் சிகிச்சையை நிறுத்தின. அதைப் பேச்சு என்பதா, ஆணை என்பதா? இசைவுக் கட்டணம் என்பது என் பரிந்துரை.

குளச்சல்:
ஆணை என்று நீங்களே சொல்லிவிட்டு இசைவு என்கிறீர்களே, அண்ணாச்சி!

தக்கலை:
அதங்கோட்டாசானின் அதங்கோடு இதுதான் என்பதற்குச் சான்று என்ன? தனி இழையில் பேசுவோம்.

நாகர்கோவில்:
வியாழன் இரவு பதினொன்றரை. பதிப்பாளர் மூன்று முறை அழைத்துவிட்டார். 'ஒப்பந்தக் கட்டணம்' என்று போட்டு அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும், கவுன்ட்டரில் இதைப் பேக்கேஜ் என்பார்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். தனிமடலில் நான்கு பேர் சரி என்றார்கள். அதில் இருவர், 'எதையாவது போடுங்கள்' என்றவர்கள்.

குளச்சல்:
ஒப்பந்தம் என்றால் நோயாளி தானும் கையெழுத்திட்டதாக நினைத்துக்கொள்வார். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தக்கலை:
இரண்டாம் பதிப்பில் படிவிலை.

மார்த்தாண்டம்:
அறை வாடகைச் சொல்?