ஆறாயிரம் பேரில் ஒருத்தி

மகள் நியூயார்க்கில் புரூக்ளின் டெக் என்ற அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து இது மூன்றாவது வருடம். இடம் கிடைத்ததை ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, “ஏண்டி, கவர்மென்ட் பள்ளிக்கூடத்துக்கா இத்தனை பாடு?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடும் இலவசம். ஆனால் எட்டாம் வகுப்பில் ஒரு நுழைவுத் தேர்வு. ஆங்கிலமும் கணக்கும், மூன்று மணி நேரம். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம். 1971-ல் நியூயார்க் மாநிலச் சட்டமே அப்படி எழுதி வைத்துவிட்டது. அதற்காக ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளையை டியூஷனுக்கு இழுத்துக்கொண்டு அலைந்தேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

எனக்குப் பயம் கூட்டத்தை நினைத்துத்தான். ஏறத்தாழ 6,000 பிள்ளைகள். போர்ட் கிரீன் பூங்கா பக்கத்தில் 1930-களில் எழும்பிய பிரம்மாண்டமான கட்டடம், மொட்டை மாடியில் வானொலிக் கோபுரம் வேறு. முதல் வாரம் தினமும் கேட்பேன்: “யாரோட சாப்பிட்டே?” “யாரோடயோ.” அவ்வளவுதான் பதில். இரண்டாவது வாரம் பையைத் துழாவும்போது ஒரு தாள் கிடைத்தது. எந்த மணிக்கு எந்தப் படிக்கட்டில் ஏறினால் இடிபடாமல் வகுப்புக்குப் போகலாம் என்று பென்சிலில் போட்ட படம். பாதி இவள் கையெழுத்து, மீதி வேறு யாருடையதோ. வங்காளதேசப் பெண்ணாம். சரி, இனிக் கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அங்கே கடைசி இரண்டு வருடம் கல்லூரி மாதிரி ஒரு மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எடுக்க வேண்டும். நான் கம்ப்யூட்டர் என்று நினைத்திருந்தேன், அவள் கட்டடக்கலை என்றாள். வீட்டில் ஒரு வாரம் பேச்சில்லை. அப்புறம் என்ன, இப்போது சாப்பாட்டு மேசை முழுக்க அட்டையில் வெட்டிய வீடுகள். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம்.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். நானும் 90-களில் புரூக்ளின் டெக்கில் படித்தவன். மூவாயிரம் பேர் உட்காரும் அரங்கத்தில் முதல் நாள் எங்களை உட்கார வைத்து, 1978-ல் இயற்பியல் நோபல் வாங்கிய அர்னோ பென்சியாஸ் இங்கே படித்தவர் என்றார்கள். எனக்கோ கழிவறை எந்தப் பக்கம் என்பதுதான் கவலை. 1922-ல் தொடங்கிய பள்ளியில் 1970 வரை பெண்களே கிடையாது என்பது பிறகுதான் தெரியும்; உங்கள் மகள் கதையைப் படித்ததும் அது நினைவுக்கு வந்தது.

அந்தப் படிக்கட்டுப் படம் இன்னும் இருக்கிறதா? அண்ணன் மகன் வரும் செப்டம்பரில் சேர்கிறான். எங்கள் காலத்து வழியெல்லாம் எனக்கு மறந்துபோச்சு.