கேடிஎம் 390 இன்ஜின், ஃபார்முலா ஸ்டூடண்ட் சத்தச் சோதனை: 114-ல் இருந்து 110-க்குக் கீழே கொண்டு வருவது எப்படி?

பீளமேடு பவர்ட்ரெயின்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. பீளமேட்டுப் பக்கம் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன். எங்க ஃபார்முலா ஸ்டூடண்ட் (மாணவர்களே சின்ன ரேஸ் கார் கட்டி ஓட்டுற போட்டி) டீம்ல இன்ஜினும் எக்ஸாஸ்ட்டும் என் பொறுப்பு. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில நடக்கிற அந்த மாதிரி இந்தியப் போட்டியான ஃபார்முலா பாரத்துல, போன தடவை சத்தச் சோதனையில நின்னுட்டோம். வரம்பு 110 டெசிபெல், ஆக்ஸிலேட்டர் கொடுக்காம சும்மா ஓடுற ஐடில்ல 103. எங்க வண்டி 114 காட்டுச்சு. அது பாஸ் ஆகாம வண்டியத் தடத்துல இறக்க விடமாட்டாங்க.

விவரம் இதுதானுங்க. முதல் தலைமுறை டியூக் 390 இன்ஜின், 373 சிசி, போர் (சிலிண்டர் விட்டம்) 89 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) 60 மிமீ. இன்டேக்ல விதிப்படி 20 மிமீ ரெஸ்ட்ரிக்டர் (காத்தக் கட்டுப்படுத்துற குறுகல்). சைலன்சர் நேர்குழாய் வகை: 32 மிமீ ஓட்டைக் குழாய், அதச் சுத்தி கிளாஸ் ஊல், 100 மிமீ விட்டத்துல 400 மிமீ நீளக் கூடு. போட்டிக்கு முன்னாடி ஃபோன் ஆப்ல பார்த்தப்ப 101-தான் வந்துச்சு. அதனால தைரியமாப் போனோம்.

வந்த பிறகு ஹெடருக்கும் (இன்ஜின்ல இருந்து வர்ற முதல் குழாய்) சைலன்சருக்கும் நடுவுல 150 மிமீ விட்டம், 340 மிமீ நீளத்துல ஒரு காலிப் பெட்டி அடிச்சுச் சேர்த்தோம். இப்ப ஒரு நல்ல மீட்டர் கடன் வாங்கிப் பார்த்தா 7500 ஆர்பிஎம்ல 113-க்குக் கீழ வரமாட்டேங்குது. அதவிட வினோதம், 5500 பக்கத்துல திடீர்னு ஏறி 116 போகுது. அந்த இடத்துல முன்னாடி இவ்வளவு சத்தம் இல்ல. பெட்டி சேர்த்தா சத்தம் எப்படிங்க ஏறும்? அடுத்து என்ன பண்றது?

திருப்பூர் ட்வின்கேம்:

கிளாஸ் ஊல் கருகியிருக்கும். பிரிச்சுப் புதுசா நல்லா இறுக்கி அடைச்சுப் பாருங்க. எங்க பைக்ல அப்படித்தான் குறைஞ்சுது. முடியலன்னா வாய்ல ஒரு டிபி கில்லர் (வாயக் குறுக்குற சின்னச் செருகல்) மாட்டிருங்க.

கணபதி சைலன்சர் பட்டறை:

அம்மிணி, ஊலைப் பிரிக்காதீங்க. உங்க பிரச்சினை ஊல்ல இல்லீங்க. திருப்பூர்த் தம்பி சொல்றது ரோட்டு பைக்குக்குச் சரி, இந்தச் சோதனைக்கு ஒத்து வராது. நான் ஜெனரேட்டருக்கும் கம்ப்ரஸருக்கும் சைலன்சர் அடிக்கிறவன். ஒத்தை சிலிண்டர் இன்ஜின் எங்க கத்தும்னு தெரிஞ்சவன்ங்கறதால கொஞ்சம் நீளமாச் சொல்றேனுங்க.

மொதல்ல மீட்டரைப் பாருங்க. அதுல ஏ, சின்னு ரெண்டு வெயிட்டிங் இருக்கும். ஏ நம்ம காது மாதிரி அடித்தொனியக் கழிச்சுக் காட்டும். 63 ஹெர்ட்ஸ்ல 26 டெசிபெல் கழிச்சிரும். சி அதே இடத்துல ஒரு டெசிபெல்கூடக் கழிக்காது. ஃபார்முலா ஸ்டூடண்ட் விதி சி. உங்க ஃபோன் ஆப் பெரும்பாலும் ஏ-லதான் காட்டியிருக்கும், ஃபோன் மைக்கும் அத்தனை சத்தத்தத் தாங்காது. 101-க்கும் 114-க்கும் நடுவுல இருக்கிற 13 டெசிபெல்தான் உங்களுக்குக் கிடைச்ச முக்கியமான தகவல். சி எச்சாவும் ஏ கம்மியாவும் வந்தா சத்தம் அடித்தொனியில இருக்குதுன்னு அர்த்தம். எந்த வண்டிக்கும் நான் மொதல்ல இந்த வித்தியாசத்தத்தான் பார்ப்பேன்.

அந்த அடித்தொனி எங்கன்னு இப்பக் கணக்குப் போடலாமுங்க. சோதனை வேகத்தப் பிஸ்டனோட சராசரி வேகத்த வெச்சு முடிவு பண்றாங்க, நொடிக்கு 15.25 மீட்டர். உங்க ஸ்ட்ரோக் 60, அப்ப 7625 ஆர்பிஎம், அத 7500-ன்னு எடுத்துக்குவாங்க. நாலு ஸ்ட்ரோக் ஒத்தை சிலிண்டர் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை வெடிக்குது. 7500-அ 120-ஆல வகுத்தா 62.5 ஹெர்ட்ஸ். உங்க எதிரி அதுதான். கிளாஸ் ஊல் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல நல்லா விழுங்கும். 62-ல அந்தத் தடிமனுக்கு அது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.

இனி உங்க பெட்டி. தோட்டத்துல மோட்டார் தண்ணி விட்டு விட்டு வந்தாலும், தொட்டியில விழுந்து வாய்க்கால்ல போறப்ப சீராப் போகுமில்லீங்களா, பெட்டியோட வேலையும் அதேதான். ஆனா ஒரு நிபந்தனை இருக்குது. பெட்டிக்குள்ள இருக்கிற வாயு ஸ்பிரிங் மாதிரி அமுங்கும், பெட்டியில இருந்து வெளிய போற வால் குழாய்க்குள்ள இருக்கிற வாயு எடை மாதிரி ஆடும். ஸ்பிரிங்கும் எடையும் சேர்ந்தா அதுக்குன்னு ஒரு சொந்த அதிர்வு வந்தே தீரும். உங்க பெட்டி சரியா 6 லிட்டர். உங்க வால் குழாய் எது? அந்தக் கிளாஸ் ஊல் சைலன்சரோட 32 மிமீ குழாயேதான், 400 நீளம். சூடான புகையில ஒலி வேகம் நொடிக்கு 500 மீட்டர்னு வெச்சா, குழாயோட குறுக்கு வெட்டுப் பரப்ப பெட்டிக் கொள்ளளவு பெருக்கல் குழாய் நீளத்தால வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 500-ஆல பெருக்கி, 6.28-ஆல வகுங்க. 46 ஹெர்ட்ஸ் வருது. 46-அ 120-ஆல பெருக்குங்க: 5520 ஆர்பிஎம். நீங்க 116 பார்த்த அதே இடம்.

இந்த அமைப்பு சொந்த அதிர்வோட 1.4 மடங்குக்கு மேல போனாத்தான் சத்தத்த அடக்கவே ஆரம்பிக்கும். 46-க்கு அது 65. உங்க 62.5 அதுக்கும் கீழ கிடக்குது. அதனாலதான் 7500-லயும் பெரிசாக் குறையல. பெட்டி செஞ்சது தப்பில்லீங்க அம்மிணி, அளவுதான் போதல.

செய்ய வேண்டியது, 160 விட்டம், 400 நீளத்துல பெட்டி. 8 லிட்டர் வரும். வால் குழாய் உள்விட்டம் 30, மொத்த நீளம் 600. சொந்த அதிர்வு 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், 62.5-ல கணக்குப்படி 10 டெசிபெல் கழியும். கையில பாதியாவது வந்தாலும் நீங்க பாஸ். பக்கத்துல வேற வழி இருக்குதான்னு கேட்பீங்க. ஒரு முனை மூடின கால் அலை நீளக் கிளைக் குழாய் போட்டா 62.5-க்கு 2 மீட்டர் வேணும், அத எங்க மாட்டறது? ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசனேட்டர் (கழுத்து வெச்ச பக்கப் பெட்டி) ஒரே இடத்த மட்டும்தான் அடிக்கும். ஐடில்ல இருந்து 7500 வரைக்கும் எந்த வேகத்துலயும் 110 தாண்டக்கூடாதுங்கறப்ப அத நம்பி இறங்க வேண்டாம்.

காலிப் பெட்டிக்கு இன்னொரு குணம் உண்டுங்க. அரை அலை நீளம் பெட்டி நீளத்தோட பொருந்துற தொனிய அப்படியே வெளிய விட்டிரும், 400-க்கு 600 சொச்சம் ஹெர்ட்ஸ். அதுக்கு உள்ள வர்ற குழாய பெட்டி நீளத்துல பாதி, 200 மிமீ உள்ள நீட்டி விடுங்க. வால் குழாய கால்வாசி, 100 மிமீ உள்ள நீட்டுங்க. அந்த ஓட்டைகள் அடைஞ்சிரும். மிச்சம் இருக்கிற கீச்சுச் சத்தத்துக்கு உங்க பழைய கிளாஸ் ஊல் கூட்ட வால் குழாய் மேலயே வெச்சுக்குங்க. அப்ப அது உண்மையா வேலை செய்யும்.

தகடு 1.2 மிமீக்குக் குறையக் கூடாது. தட்டையான பக்கம் வேண்டவே வேண்டாம், மேளம் மாதிரி அடிக்கும். வெல்டிங் முடிஞ்சதும் ஒரு வாய அடைச்சுக் காத்து விட்டு, சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. ஊசி முனை கசிவே ஒரு டெசிபெல் ரெண்டு டெசிபெல்னு காட்டிரும்.

பிரிட்டன்வாழ் பொள்ளாச்சிக்காரன்:

பட்டறை அண்ணன் சொன்னதுல சி வெயிட்டிங் விஷயம் எனக்கே புதுசு. நான் இங்க நாலு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் காரை ட்ராக் டேக்கு (சொந்தக் காரை ரேஸ் தடத்துல ஓட்டுற நாள்) எடுத்துட்டுப் போறவன். இங்க அளவு ஏ-லதான். வாயில இருந்து அரை மீட்டர், 45 டிகிரி, அதிகபட்ச ஆர்பிஎம்ல முக்கால் வேகம். பல தடங்கள்ல 105 இல்லன்னா அதுக்கும் கீழ. இதுபோக ஓடுறப்ப ஓரத்துல நின்னு தனியா அளப்பாங்க. அமெரிக்காவுல லகுனா சேக்கா தடத்துல பல நாள் வரம்பு 92, சுமார் 15 மீட்டர் தள்ளி வெச்ச மைக்குல.

ஒண்ணு கவனிச்சிருக்கேன். நின்னபடி பாஸ் ஆன கார் ஓடுறப்ப ஃபெயில் ஆகும். லோடு ஏறுனா சத்தமே வேற, அதோட திறந்த இன்டேக்கும் சேர்ந்து கத்தும். என் காருக்குக் கிளாஸ் ஊல் மாத்துனதே போதுமா இருந்துச்சு. தங்கச்சிக்கு ஏன் போதலன்னு இப்பத்தான் விளங்குது.

கணபதி சைலன்சர் பட்டறை:

ஆமாங்க. உங்க நாலு சிலிண்டர் 6000-ல 200 ஹெர்ட்ஸ். அங்க ஏ 11 டெசிபெல் கழிச்சிருது, மிச்ச சத்தம் ஆயிரத்துக்கு மேல இருக்கிற கீச்சு. அத ஊல் நல்லாவே தின்னும். அவங்க வண்டியில அப்படியே தலைகீழ். ரெண்டு பேரும் ஒரே கடையில சைலன்சர் வாங்குனா ஒருத்தர் ஃபெயில் ஆகறது நிச்சயம்.

பீளமேடு பவர்ட்ரெயின்:

அண்ணா, ரொம்ப நன்றிங்க. கணக்க நானே திருப்பிப் போட்டேன், 46 அச்சா வருது. டீம்ல ரெண்டு எதிர்ப்பு. ஒண்ணு, 30 மிமீ குழாய் பவர அமுக்கிரும்ங்கறாங்க. ரெண்டாவது, பெட்டியோட எடை. இன்னொண்ணு, 600 நீளக் குழாய வண்டிக்குப் பின்னாடி எப்படிங்க அடக்கறது?

கணபதி சைலன்சர் பட்டறை:

பவர் பயம் வேண்டாமுங்க. 7500-ல உங்க இன்ஜின் விடற புகை 30 மிமீ குழாயில சராசரியா நொடிக்கு 70 மீட்டர் வேகத்துல போகும். அதுக்கு அழுத்த இழப்பு ரெண்டு மூணு கிலோபாஸ்கல் அளவு. இன்டேக்ல 20 மிமீ ரெஸ்ட்ரிக்டர் வெச்ச வண்டியில அத டைனோலயே (பவர் அளக்கிற மெஷின்) கண்டுபிடிக்கறது கஷ்டம். ஹெடர் நீளத்துல மட்டும் கை வைக்காதீங்க. பவர் ட்யூனிங் அங்கதான் இருக்குது, பெட்டி அதுக்கு அப்பறம்தான் வருது.

எடை, எஸ்எஸ் 304 ஸ்டீல்ல கூடு மட்டும் ரெண்டே கால் கிலோ, குழாயெல்லாம் சேர்த்தா மூணு கிலோ பக்கம். டீம்ல சொல்லுங்க, சோதனையில நின்ன வண்டி எத்தனை லேசா இருந்தாலும் ஒரு சுத்துகூட ஓடாது. கரிவர்தன் மாருதி 800 இன்ஜின வெச்சே இந்த ஊர்ல ஃபார்முலா வண்டி கட்டுனவர். அவர் பேர் வெச்ச தடத்துல கோயமுத்தூர்ப் பசங்க வண்டி ஓரமா நிக்கறத எனக்குப் பார்க்க முடியலீங்க. அதோட செட்டிபாளையத்தச் சுத்தி வீடுக வந்துட்டே இருக்குது. சத்தம் அடங்குன வண்டி இருந்தாத்தான் தடத்துக்கும் ஊருக்கும் சண்டை வராது.

இடத்துக்கு, பெட்டியக் குறுக்கு வாட்டுல, இன்ஜினுக்குப் பின்னாடி படுக்க வைங்க. வால் குழாய்ல 100 உள்ள போயிருது, வெளிய 500-தான். ஒரு பெரிய ரேடியஸ் வளைவு கொடுத்துத் திருப்புங்க. பின் அச்சு மையத்துல இருந்து 45 செமீக்கு மேல வெளிய நீட்டக் கூடாது, தரையில இருந்து 60 செமீக்கு மேல போகக் கூடாதுன்னு விதி இருக்குது, ட்ராயிங் போடறப்பவே பார்த்துக்குங்க.

ஐடில்ல ஒரு எச்சரிக்கை. புது அமைப்போட சொந்த அதிர்வு 30 ஹெர்ட்ஸ். ஐடில 1830 பக்கத்துல வெச்சா அதோட ரெண்டாவது ஹார்மோனிக் (வெடிக்கிற அதிர்வோட ரெண்டு மடங்கு) நேரா அங்க போய் உக்காரும். அதனால ஐடில 2100-க்கு ஏத்தி வைங்க, 103 தாண்டாதான்னும் பாருங்க. இன்ஜின் மெதுவா ஏறி 3600-அக் கடக்கறப்பவும் ஒரு சின்ன மேடு வரும். அது 110-க்குள்ள இருந்தாப் போதும்.

கணபதியில ரோலிங் மெஷின் என்கிட்ட இருக்குது, தகடு வாங்கிட்டு வந்தா உருட்டித் தர்றேன். வெல்டிங் உங்க பசங்களே போடட்டும், கத்துக்குவாங்க. அளக்கறப்ப சுவத்துக்குப் பக்கத்துல நிறுத்தாதீங்க, திறந்த மைதானத்துல வைங்க. மீட்டர் சி-ல, ஃபாஸ்ட்ல (வேகமா மாறிக் காட்டுற அமைப்பு) இருக்கோணும். மீட்டரச் சரிபார்க்கிற காலிபரேட்டர் வெச்சு 94 காட்டுதான்னு பார்த்துட்டு ஆரம்பிங்க. ஐடில், 3600, 5500, 7500 நாலு இடத்துலயும் சி, ஏ ரெண்டையும் எழுதி இங்க போடுங்க. 7500-ல சி குறையாம ஏ மட்டும் குறைஞ்சிருந்தா, குழாய் நீளத்துல இன்னும் வேலை இருக்குது.