தம்பியை விசாரணைக்கு என்று கூட்டிப்போய் அடித்துவிட்டார்கள். கையில் ஒரு காகிதம் இல்லை, என்ன செய்வது?

கரிசல்காட்டு அக்கா:

எங்களுக்கு விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமம். தம்பிக்கு 24 வயது, லோடு வண்டி ஓட்டுகிறான். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மஃப்டியில் இரண்டு பேர் வந்து, "பைக் திருட்டு விஷயமா ஒரு விசாரணை, பத்து நிமிஷத்துல அனுப்பிடுவோம்" என்று சொல்லி, பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

மறுநாள் சாயங்காலம் நடந்தே வந்து சேர்ந்தான். செருப்பைக் கையில் பிடித்திருந்தான். உள்ளங்கால் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன, செருப்பு நுழையவில்லை. பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து லத்தியால் அடித்தார்களாம். அடித்து முடித்ததும் எழுந்து நின்ற இடத்திலேயே குதிக்கச் சொன்னார்களாம். அப்புறம் திருடியவன் வேறு யாரோ என்று தெரிந்ததும், வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அம்மா மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, "வண்டி ஓட்டிப் பிழைக்கிற பிள்ளை, விட்டுடு. நாளைக்கு ரோட்டுல நிறுத்தி நிறுத்திக் கேஸ் போடுவாங்க" என்கிறாள். ஊரிலும் "போலீஸ்னா அடிக்கத்தான் செய்வாங்க" என்றுதான் பேச்சு. நேற்றிலிருந்து அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். எஃப்.ஐ.ஆர். எதுவும் இல்லை. அவன் அங்கே இருந்ததற்கே அத்தாட்சி இல்லாதபோது அடித்ததை எப்படிச் சொல்வது? அடிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

ஓய்வுபெற்ற ஏட்டு:

தாயி, முதலில் தம்பியிடம் சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேள். டீ டிக்காஷன் மாதிரி கறுத்துப் போனால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே. சதை நசுங்கினால் அது கிட்னியில் போய் நிற்கும்.

31 வருஷம் வேலை பார்த்தவன் சொல்கிறேன். உள்ளங்காலில் அடிப்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக. குதிக்கச் சொல்வது வீக்கம் தெரியாமல் அமுங்கட்டும் என்பதற்காக. ஒரு வாரத்தில் நிறம் மாறிவிடும், அப்புறம் டாக்டரிடம் காட்டினாலும் அடித்த தடம் தெரிவது கஷ்டம். மற்றவர்கள் அடிக்கும்போது பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் எனக்கும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், பற்றைக் கழுவிவிட்டு இன்றைக்கே போ.

மதுரை வக்கீல்:

ஏட்டையா சொன்னதை அப்படியே செய்யுங்கள். தனியார் ஆஸ்பத்திரி வேண்டாம், ஜி.எச்.சுக்கே போங்கள். "எப்படி அடிபட்டது?" என்று டியூட்டி டாக்டர் கேட்பார். வண்டியிலிருந்து விழுந்தேன் என்று பயத்தில் சொல்லிவிட வேண்டாம். போலீஸ்காரர்கள் எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணி, எதைக் கொண்டு அடித்தார்கள் என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி என்பார்கள், அதன் நகல் கையில் இருக்க வேண்டும். காலை முகத்தோடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். கால் மட்டும் இருந்தால் யார் கால் என்பார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கைது செய்யும்போது ஒருவர் முரண்டுபிடித்தாலோ தப்பப் பார்த்தாலோ, பிடிப்பதற்குத் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவு அது. தப்பாமல் தடுக்க வேண்டியதற்கு மேல் கட்டுப்படுத்தக்கூடாது என்று 46-வது பிரிவு சொல்கிறது. உண்மையை வரவழைக்க அடிக்கலாம் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. வாக்குமூலத்துக்காகக் காயப்படுத்தினால் 7 ஆண்டு வரை சிறை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 120). அப்படி அடித்து வாங்கிய வாக்குமூலமும் கோர்ட்டில் செல்லாது.

சாட்சி ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கிறது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷன்களிலும் சிசிடிவி வைக்கவும், பதிவை 18 மாதம் காக்கவும் உத்தரவிட்டது. அன்றைய தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, பதிவை அழிக்கக்கூடாது என்று எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்ததில் அப்பாவும் மகனும் இறந்த விஷயத்தில், மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தபோது பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே நாளைக் கடத்தாதீர்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்க வேண்டாம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசம்.

நெல்லைக்காரன்:

அடி வாங்கியது தப்புத்தான். ஆனால் எங்கள் தெருவில் மூன்று வீட்டில் நகை போனது. அடிக்காமல் எந்தத் திருடன் சொல்வான்?

மதுரை வக்கீல்:

நகை போன வலி எனக்கும் புரிகிறது, சகோதரரே. ஆனால் அக்காவின் தம்பி திருடவில்லை, அடி மட்டும் வாங்கினான். 2025 ஜூனில் திருப்புவனத்தில் போலீஸ் விசாரணையில் இறந்துபோன கோயில் காவலாளியிடம் கேட்டதும் நகையைத்தான். எஃப்.ஐ.ஆர்.கூடப் போடாமல் விசாரித்தார்கள். பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். நகை கிடைக்கவில்லை. அடி தாங்காதவன் எதையாவது சொல்லி முடித்துக்கொள்வான், உங்கள் தெருத் திருடன் வெளியேதான் நடமாடிக்கொண்டிருப்பான். கைதானவனுக்கு "பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு" என்று செய்தி வந்தால் சிரித்துக்கொண்டே பகிர்கிறோமே, எனக்கு அதுதான் ஆறவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் அடிக்கிறவர்கள் அனுமதி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கரிசல்காட்டு அக்கா:

ஜி.எச். போய்வந்துவிட்டோம். சிறுநீர் நிறம் சரியாக இருக்கிறது, இருந்தாலும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். "எப்படி அடிபட்டது?" என்று டாக்டர் கேட்டதும் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "போலீஸ் அடிச்சது சார், எழுதுங்க" என்றாள். டாக்டர் ஒரு நொடி பேனாவை நிறுத்திவிட்டு, பிறகு எழுதினார். இரண்டு பாதத்திலும் எங்கெங்கே கன்றியிருக்கிறது என்று தனித்தனியாகக் குறித்திருக்கிறார். ஏ.ஆர். எண் என்னிடம் இருக்கிறது, நகலை நாளைக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

எஸ்.பி.க்கு மனுவை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினதையும் அதில் சேர்க்க வேண்டுமா, வக்கீல் சார்?