கும்பகோணத்தில் தாத்தா நடத்திய அச்சகம்: தகவல் தேவை

வணக்கம் நண்பர்களே. என் அம்மாவின் அப்பா 1940களில் கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகம் தொடங்கினார். காலால் மிதிக்கிற ட்ரெடில் அச்சு மிஷின் ஒன்று, ஈய எழுத்துகள் நிறைந்த கேஸ்கள் (அறை அறையான மரத்தட்டுகள்), அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புக் அடித்துத்தான் குடும்பம் நடந்தது. நடுவில் பக்திப் பாட்டுப் புத்தகங்களும் போட்டாராம். ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கல்யாணப் பத்திரிகை. அடியில் பொடி எழுத்தில் பிரஸ் பெயர் (படத்தில் பாருங்கள்). திருப்பித் தடவினால் எழுத்து அழுந்திய மேடு இன்னும் விரலில் தட்டுப்படுகிறது.

அன்று 1867ஆம் வருடச் சட்டப்படி அச்சகம் வைப்பவர் மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி தர வேண்டியிருந்தது. அச்சிட்ட புத்தகத்தில் அச்சகத்தார் பெயரும் ஊரும் இருக்க வேண்டியிருந்தது. அந்தப் பழைய உறுதிமொழிப் பத்திரங்களை யாராவது தேடி எடுத்ததுண்டா? அன்றைய தஞ்சாவூர் ஜில்லா பதிவுகளை எங்கே கேட்பது, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலா, கலெக்டர் ஆபீசிலா? சென்னை மாகாணத்தில் வெளியான புத்தகங்களின் காலாண்டுப் பட்டியலில் அச்சகத்தார் பெயரும் உண்டு. அதைப் பார்த்தவர்கள் வழி சொன்னால் பெரிய உதவி. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் அச்சகத்தின் பெயரை வைத்துத் தேட முடியுமா?

அப்புறம், கும்பகோணத்துக்காரர்கள் வீட்டுப் பரணில் இந்தப் பெயர் போட்ட எது கிடைத்தாலும், பழைய ரசீதே ஆனாலும், போட்டோ எடுத்து அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். அங்கே கம்போசிங் (எழுத்துக் கோக்கும்) வேலை பார்த்த பெரியவர் யாரையாவது தெரிந்தால், அவர் சம்மதத்தோடு தனியாகச் சொல்லுங்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்க்கிறேன்.