மிக உயரமான குடியிருப்புக் கோபுரங்களின் சமையலறைச் சாதனங்கள்: உயரத்தால் ஏதேனும் மாறுமா?

கேள்வி:
நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் டவர் 472 மீட்டர் உயரம் கொண்டது. குடியிருப்புக் கட்டடங்களில் உலகிலேயே அதுதான் மிக உயரமானது. அதன் சமையலறைகளைப் பற்றிய விவரங்களில் ஸ்மால்போன் அலமாரிகள், மீலே அடுப்புகள், சப்-ஜீரோ நிறுவனத்தின் ஃபிரிட்ஜ் ஆகியவை முன்னிறுத்தப்படுகின்றன. அதே 57ஆம் தெருவில் 435 மீட்டர் உயரத்தில் நிற்கும் மற்றொரு கோபுரத்தில் காகனாவ் நிறுவனத்தின் சாதனங்களைப் பொருத்தியிருக்கிறார்கள். இவ்வளவு உயரத்தில் இவற்றின் இயக்கத்தில் மாற்றம் உண்டா? உள்ளரங்க வடிவமைப்பில் ஈடுபட்டிருப்பதால் தெளிவாக அறிய விரும்புகிறேன்.

பதில் 1:
கட்டடக் காற்றோட்டத் துறையில் பணியாற்றுகிறேன். அடுப்பின் பெயரைப் பார்ப்பதற்கு முன் சிம்னியைப் பாருங்கள் என்பதே என் உறுதியான கருத்து. இக்கோபுரங்களின் கண்ணாடி வெளிச்சுவர் பெரும்பாலும் காற்றுப் புகாதபடி அமைந்திருப்பதால், ஆற்றல் மிக்க சிம்னி வெளியேற்றும் அளவுக்குப் புதிய காற்று உள்ளே வர வழி செய்யாவிட்டால் வீட்டுக்குள் அழுத்தம் குறைந்து, வாசற்கதவு இறுகி, அதன் இடுக்கில் விசிலடிப்பது போன்ற சத்தம் எழும். சிம்னியின் இழுவையும் தளர்ந்துவிடும். குளிர்காலத்தில் சிக்கல் கூடுகிறது. கட்டடத்தினுள் இருக்கும் வெதுவெதுப்பான காற்று லிஃப்ட் குழி, படிக்கட்டு வழியாக மேலேறி உச்சித் தளங்களில் வெளியேற முயல, கீழ்த்தளங்களில் குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும். கட்டடம் உயர உயர இந்த அழுத்த வேறுபாடும் வளரும்.

சிம்னி புகையை வெளியே அனுப்புகிறதா, கரி வடிகட்டியில் செலுத்தி அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டாவது வகை வாடையை ஓரளவே பிடிக்கும். ஈரமும் சூடும் அறையிலேயே தங்கிவிடும். மீன் வறுக்கும் வீட்டுக்கு அது போதாது.

பதில் 2:
ஃபிரிட்ஜைப் பற்றி நான் சொல்கிறேன். சப்-ஜீரோவில் ஃபிரிட்ஜ் பகுதிக்கும் ஃப்ரீசருக்கும் தனித்தனிக் குளிரூட்டும் அமைப்புகள் இருப்பதால் ஒன்றின் வாடை மற்றதில் ஏறுவதில்லை. இதற்கும் உயரத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் அலமாரியோடு அலமாரியாக மரப்பலகைக்குப் பின்னே அதை மறைக்கும்போது, தயாரிப்பாளர் குறிப்பிடும் காற்று இடைவெளியை அழகுக்காகக் குறைத்துவிடாதீர்கள். சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் தூசி அடைந்தால் கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடும். அதைத் துடைக்கக் கைபோகும் இடமும் வேண்டும்.

கொதிநிலையைப் பொறுத்தவரை, 400 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 98.6 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சோறு வடிப்பதில் அதனால் வேறுபாடு தெரியாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. எரிவாயுவை விட்டு இண்டக்ஷனுக்கு மாறினால் சிம்னிச் சிக்கல் தீருமா?

பதில் 1:
பாதி தீரும். சுடரே இல்லாததால் எரிபுகை இருக்காது, சமையலறையும் அவ்வளவு சூடேறாது. ஆகவே மிதமான இழுவையே போதுமானது. நியூயார்க் நகரம் 2021இல் இயற்றிய சட்டப்படி, ஏழு மாடிகளும் அதற்கு மேலும் கொண்ட புதிய கட்டடங்களுக்கு 2027 முதல் எரிவாயு அடுப்புகள் பெரும்பாலும் அனுமதிக்கப்படமாட்டா என்பதால், இனி எழும் கோபுரங்களில் இண்டக்ஷனையே எதிர்பார்க்கலாம். எனினும் காய்ந்த எண்ணெயின் புகையும் மிளகாய் நெடியும் எந்த அடுப்பிலும் எழுபவை. வெளியேற்றும் குழாயை வரைபடத்திலிருந்து நீக்கிவிடாதீர்கள்.