எத்தனை மணிக்குப் பெரட்டு? – வெளிநாட்டுத் தோட்டங்களில் தொண்டூழியம் செய்தவர்களின் அனுபவப் பகிர்வு

ஈசூன்வாசி:

இத்தாலியில் ஒரு தோட்டத்தில் தொண்டூழியம் செய்யப் போகிறேன் என்று சொன்னதும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குப் பெரட்டு?"

எனக்கு அந்தச் சொல்லே தெரியாது. அம்மாதான் விளக்கினார். பாட்டி மலேசியாவின் ஜொகூரில் கூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். விடிவதற்கு முன்னால் இருட்டிலேயே எல்லாரையும் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்கள், யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பார்கள். அதுதான் பெரட்டு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் எல்லாம் அந்தக் குளிர் நேரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். பதினான்கு வயதில் உளி பிடித்தவர், கல்யாணமாகிச் சிங்கப்பூர் வரும்வரை பால் வெட்டியிருக்கிறார். எஸ்டேட் என்றால் எனக்கு ஆலிவ் மரமும் கல் வீடும் உள்ள ஒரு படம். அவருக்குத் தொழிலாளர் வரிசை வீடான லயம், வேலை வாங்கும் தண்டல், கணக்கு எழுதும் கிராணி.

"சம்பளம் என்ன?"

"சம்பளம் இல்ல பாட்டி. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேர வேலை. சாப்பாடும் தங்க இடமும் தருவாங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அதுக்கா ப்ளேன் ஏறிப் போற?" என்றார். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1971இல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ கொப்பார்ட் என்ற பெண், நகரத்தில் இருப்பவர்களும் வார இறுதியில் மண்ணைத் தொட வேண்டும் என்று சசெக்ஸில் ஓர் இயற்கை வேளாண் பண்ணைக்கு நாலு பேரோடு போனதில் தொடங்கியது. இன்று வூஃப் என்ற பெயரில் உலகம் முழுக்க இருக்கிறது. பாதி நாள் வேலை, பதிலுக்குச் சாப்பாடு, படுக்கை, கற்றுக்கொள்ளும் வாய்ப்பு. பணம் கைமாறாது. சிங்கப்பூரில் நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. முப்பத்திரண்டு வயதுவரை ஒரு கத்தரிக்காய்ச் செடிகூட வைத்துப் பார்க்காதவள் நான். அதனால்தான் போனேன். 2023இல் சம்பளமில்லா விடுப்பு எடுத்து, அக்டோபர் கடைசியில் டஸ்கனி போய்ச் சேர்ந்தேன்.

முதலில் இருந்த இடம் சியேனாவுக்குத் தெற்கே. வயதான தம்பதி, சுமார் 400 ஆலிவ் மரங்கள். மரங்களைப் பார்த்தவுடன் ஒன்று கவனித்தேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு அடிமரங்கள், எல்லாம் ஒரே வேரிலிருந்து. 1985 ஜனவரியில் அடித்த உறைபனியில் டஸ்கனியின் ஆலிவ் மரங்களில் பெரும்பகுதி கருகிவிட்டது. அடியோடு வெட்டி விட்டார்கள். வேர் சாகவில்லை, சுற்றிலும் புதுத் தளிர் கிளம்பியது. இப்போது காய்ப்பது அந்தத் தளிர்கள்தான்.

பனி ஈரம் காய்ந்த பிறகே வேலை தொடங்கும். மரத்தடியில் பெரிய வலையை விரித்து, சரிவில் ஓடிவிடாமல் கீழ் ஓரத்தைக் குச்சி நட்டுத் தூக்கிக் கட்டுவோம். சீப்பு மாதிரி ஒரு கைக்கருவியால் கிளையை வாரினால் காய் உதிரும். உயரத்துக்கு மட்டும் பேட்டரியில் ஆடும் நீளக் கோல். இலையும் குச்சியும் பொறுக்கிவிட்டு ஓட்டை உள்ள பெட்டிகளில் கொட்டுவோம். சாக்கில் கட்டினால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். பறித்த காயை முடிந்தால் அன்றைக்கே, மிஞ்சிப்போனால் மறுநாளைக்குள் செக்குக்குக் கொண்டுபோக வேண்டும். ஆலையில் எங்கள் முறை வந்தபோது இரவு பதினொரு மணி. 27 டிகிரிக்குக் கீழே வைத்து அரைத்தால்தான் குளிர்முறையில் எடுத்தது என்று பாட்டிலில் எழுத முடியுமாம். அதனால் அந்த வீட்டுக்காரர் வெப்பமானியை விட்டுக் கண் எடுக்கவில்லை. 310 கிலோ காய்க்கு 40 லிட்டர் எண்ணெய். குழாயிலிருந்து பச்சைப் பசேலென்று வந்ததை ரொட்டியில் ஊற்றிக் கொடுத்தார்கள். தொண்டையில் மிளகைப் போல எரிந்து இருமல் வந்தது. சுற்றி நின்ற எல்லாரும் இருமினார்கள். இருமல் வந்தால் நல்ல எண்ணெய்.

பாட்டியோடு தினமும் வீடியோ அழைப்பு. "மரத்துக்கு மரம் மங்கு கட்ட வேணாமா, ஒரே வலையா?" என்று ஆச்சரியப்பட்டார். ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்தான் மங்கு. ஒரு நாள் பகல் முழுக்க மழை. நாங்கள் அடுப்படியில் உட்கார்ந்து பாஸ்தா மாவு பிசைந்துகொண்டிருந்ததைக் காட்டினேன்.

"மழை நாளுக்கும் சோறு போட்டாங்களா?"

"போட்டாங்க பாட்டி."

"வேலை செய்யாமயே?"

அவர் இருந்த தோட்டத்தில் மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அன்றைய கூலியும் இல்லை. அதனால் அந்தக் கேள்வியை மறுநாளும் கேட்டார்.

இதை அந்த வீட்டு அம்மாவிடம் சொன்னேன். அவர் கைத்துடைப்பானை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அந்தக் கல் வீடே ஒரு காலத்தில் குத்தகைக் குடும்பம் இருந்த வீடு. மெட்சாத்ரியா என்று ஒரு முறை இருந்திருக்கிறது. விளைவதில் பாதி நிலத்தின் சொந்தக்காரருக்கு. 1964இல்தான் புதிதாக அப்படி ஒப்பந்தம் போடக் கூடாதென்று சட்டம் வந்தது. அவருடைய தாத்தா இதே மரங்களில் பறித்து, பாதி எண்ணெயை மேட்டிலிருக்கும் பெரிய வீட்டுக்குச் சுமந்து போனவர். "உங்கள் பாட்டியிடம் சொல், இங்கே மழை நாளுக்கும் சாப்பாடு உண்டு" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. பெரிய மாளிகை, சுற்றுப்பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுவார்கள். ஐந்து மணி நேரம் தோட்ட வேலை என்றுதான் மின்னஞ்சலில் பேச்சு. முதல் நாள் சரி. இரண்டாம் நாள் மாலை, "விருந்தினர் வருகிறார்கள், கொஞ்சம் படுக்கை விரிப்பு மாற்ற முடியுமா?" மூன்றாம் நாள் கழிப்பறை. இரவு உணவுக்குப் பிறகு பாத்திரம். நான்காம் நாள் முடிவில் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. எல்லாம் சிரித்த முகத்தோடு கேட்டார்கள். மறுத்தால் நன்றி கெட்டவளாகத் தெரிவோமோ என்ற கூச்சத்தில் செய்துகொண்டே இருந்தேன்.

பாட்டி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "எழுதி வை. எத்தனை மணிக்கு ஆரம்பிச்ச, எத்தனை மணிக்கு விட்ட, எல்லாம் எழுதி வை" என்றார். அவருடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மங்கில் உறைந்த ஒட்டுப்பாலைத் தராசில் நிறுத்து, கிராணி எழுதியதுதான் எடை. அது சரியா தப்பா என்று கேட்க அவர் கையில் ஒரு தாள்கூட இருந்ததில்லை.

எழுதினேன். ஆறு நாளில் 49 மணி நேரம், ஓய்வு நாள் இல்லை. நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது கிடைத்த பதில்: "நாமெல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்தில் மணி பார்ப்பார்களா?" மறுநாள் காலை பெட்டியை இழுத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து பேருந்து பிடித்தேன். வழியெல்லாம் அழுதேன். பயத்தில் இல்லை, இத்தனை நாள் கேட்காமல் இருந்துவிட்டேனே என்று.

போகிறவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே கேளுங்கள். எத்தனை மணிக்கு வேலை, எத்தனை மணிக்கு முடியும், வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு, மழை பெய்தால் என்ன, படுக்கும் அறையில் சூடேற்றி உண்டா, தோட்டத்தைத் தவிர வேறு வேலை இருக்கிறதா. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்ப நினைத்தால் பேருந்து எங்கே நிற்கும் என்று வந்த அன்றைக்கே பார்த்து வையுங்கள். இரண்டு இரவு விடுதிக்கான பணத்தைத் தொடாமல் வைத்திருங்கள். இணையத்தில் நான் படித்த குறிப்புகளில் பாதி பெட்டியில் என்ன அடுக்குவது என்பதைப் பற்றித்தான். பாட்டி கேட்டவையெல்லாம் வேலைக்காரர் ஒருவர் கேட்க வேண்டிய கேள்விகள்.

பொங்கோல் தம்பி:

அக்கா, படித்தேன். எனக்கு நடந்தது இவ்வளவு இல்லை, ஆனால் விசா விஷயம் சொல்லியாக வேண்டும். நியூசிலாந்தில் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பதிலாகச் செய்வதும் வேலைதான். சுற்றுப்பயணி விசாவில் செய்ய முடியாது. நான், ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய அனுமதிக்கும் வேலை விடுமுறை விசாவில் போனேன். என்னோடு வருவதாக இருந்த நண்பன் கடைசி நேரத்தில்தான் இது தெரிந்து பயணத்தை மாற்றினான். இன்னொன்று, பண்ணைக்குப் போட்ட பூட்ஸை மண்ணோடு கொண்டுபோகாதீர்கள். கழுவி, வந்திறங்கும் படிவத்திலும் குறிப்பிட வேண்டும். சொல்லாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

தென் தீவில் ஓர் ஆட்டுப் பண்ணை, செப்டம்பர் மாதம். அங்கே அது வசந்தம், ஆடு குட்டி போடும் காலம். தாய் ஒதுக்கிய குட்டிகளுக்குப் புட்டியில் பால் கொடுப்பது என் பொறுப்பு. நாளுக்கு நான்கு முறை. பதினோரு குட்டிகள் இருந்தன. ஒரு குட்டி மூன்றாம் நாள் குளிரில் செத்துவிட்டது. தூக்கிக்கொண்டு நின்றேன், என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் எதுவும் பேசாமல் பக்கத்தில் வந்து நின்றார். அப்புறம் மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார். இருவருமாகக் குழி தோண்டினோம். தேசிய சேவையில் இரண்டு ஆண்டு மண்வெட்டி பிடித்திருக்கிறேன், அதையும் இதையும் ஒன்றாக நினைக்க முடியவில்லை.

நல்லவர்கள்தான். ஆனால் கடைக்குக் காரில் 40 நிமிடம். எனக்கு ஓட்டத் தெரியாது. மூன்று வாரம் அவர்கள் போகும்போதுதான் நானும் போக முடிந்தது. ஓட்டுநர் உரிமம் இல்லாதவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தாத்தா:

ஈசூன்வாசி, உங்கள் பாட்டியின் கேள்வியைப் படித்து வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் அம்மா. பெரட்டு என்ற சொல்லைக் கேட்டு நாற்பது வருஷம் இருக்கும். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். நீங்கள் இருக்கும் ஈசூன் என்ற பெயரே ரப்பரும் அன்னாசியும் போட்டுப் பெரிய ஆளான லிம் நீ சூனின் பெயர்தான், மாண்டரின் உச்சரிப்பில். உங்கள் அடுக்குமாடிப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் பால் மரம் நின்ற இடம்.

நான் செய்த தொண்டூழியம் சின்னது. மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். பேரனைப் பார்க்கப் போனபோது சும்மா இருக்கப் பிடிக்காமல் கேட்டேன். வருகையாளராகப் போனவர் அங்கே பதிவுபெற்ற அறநிறுவனத்தில் மட்டும்தான் தொண்டூழியம் செய்யலாம், மொத்தம் 30 நாளுக்கு மேல் கூடாது. தனியார் பண்ணை முடியாது. பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் அறநிறுவனம், 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட்டின் பொறுப்பில் இருக்கும் பழைய மாளிகைத் தோட்டம் ஒன்றில் வாரம் இரண்டு காலை இலை வாரினேன். வேலை பத்து மணிக்கு, பதினொன்றரைக்குத் தேநீர், ஒரு மணிக்கு முடிந்துவிடும். ஒரு நாளும் ஐந்து நிமிடம் கூடவில்லை.

மாளிகை முன்வாசலில் வாரிக்கொண்டிருந்தபோது என் அப்பா ஞாபகம் வந்தது. துரை பங்களா வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். உள்ளே போனதில்லை. இந்த வீட்டுக்கு எங்கிருந்து பணம் வந்தது என்று கூட வேலை செய்த அம்மையாரிடம் கேட்டேன். தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்கித்தான் கேட்டேன். அவர், டிரஸ்ட்டே 2020இல் ஓர் அறிக்கை போட்டிருக்கிறது, காலனி ஆட்சியோடும் அடிமை வணிகத்தோடும் தொடர்புள்ள 93 இடங்களை அதில் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லி, அடுத்த வாரம் அச்செடுத்தே கொண்டுவந்து கொடுத்தார். கடைசி நாள் உள்ளே கூட்டிப்போய் ஒவ்வோர் அறையாகக் காட்டினார்கள். வாசலில் பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். எல்லாரையும்தான் சொன்னார்கள், கம்பளம் அழுக்காகக் கூடாதென்று. ஆனாலும் எனக்குக் கை நடுங்கியது.

ஈசூன்வாசி:

ஐயா, நீங்கள் எழுதியதைப் பாட்டிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடம் வந்ததும் தலையை ஆட்டினார்.

நான் கொண்டுவந்த அரை லிட்டர் எண்ணெயை முதல் நாள் ஒரு கரண்டி வாயில் விட்டு இருமிவிட்டு, "மிளகு போட்டுட்டாங்களா?" என்று கேட்டவர், இப்போது சுடுசோற்றில் உப்போடு பிசைந்து சாப்பிடுகிறார். பாட்டிலில் இன்னும் இரண்டு விரல் அளவு இருக்கிறது. யாரையும் தொடவிடுவதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: "அவங்க அப்பா எந்தத் தோட்டம்? எத்தனையாம் நம்பர் லயம்?"